ஆற்றுக்கு ஒரு தோட்டா

க்ரோ லேண்டிங், அலாஸ்கா
1973 ஜனவரி 11

டெல்பர்ட்,

நாம் கடைசியாகப் பேசியது டல்லஸில் ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்ற வருஷம். ஆங்கரேஜில் பூமி பிளந்தது அதற்கு அடுத்த ஈஸ்டர் சமயம். ஜனாதிபதி செத்த அந்த வருஷக் கோடையில் நம் ஆற்றில் சால்மன் ஏறி வரவில்லை; நாய்களுக்குப் போட மீன் இல்லாமல் கீழாற்றுக்காரர்கள் பாதி நாய்களைத் தாங்களே சுட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தகரக் கூரை வந்ததும் அந்த வருஷம்தான். இலை பழுத்த மாதத்தில் நாம் மேல் ஏரிக்கு வேட்டைக்குப் போனோம். திரும்பி வந்த பிறகு நீயும் என்னோடு பேசவில்லை, நானும் உன்னோடு பேசவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். இதைக் கடையில் உட்கார்ந்து நெட்டி எழுதுகிறாள். "மாமா, பத்து வருஷம் கழிச்சு எழுதுறீங்க, எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்கிறாள். கேட்டாயிற்று என்று எழுதிக்கொள் என்றேன்.

விஷயம் இது. ஆற்றில் உறைந்த பனி உடைந்ததும் வரும் சரக்குப் படகுக்கு மார்ச் கடைசியில் நெட்டி ஆர்டர் அனுப்ப வேண்டும். மொத்த வியாபாரி இந்த வருஷம் புது வழக்கம் ஒன்று தொடங்கியிருக்கிறான். பெரிய ரைஃபிள் தோட்டாவை இனத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தர மாட்டானாம். எடுத்தால் ஒரே இனத்தில் முழுப் பெட்டி. இரண்டு இனத்தில் இரண்டு முழுப் பெட்டி வாங்கினால் அவள் பேரன் காலத்திலும் விற்று முடியாது. தபாலில் தோட்டா அனுப்பக் கூடாது என்று சட்டம். தபால் விமானம் ஓட்டும் ஆர்லோவிடம் ஒளித்துக் கொண்டுவா என்று கேட்டுப் பார்த்தேன். "என் லைசென்ஸைப் பறிச்சுக்கிட்டாங்கன்னா நீயா எனக்குச் சோறு போடுவே?" என்றான்.

பள்ளிக்கூடத்தை மூடியதும் பிள்ளை குட்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் கீழாற்றுக்குப் போய்விட்டார்கள். இந்த ஆற்றில் இனி பெரிய ரைஃபிளை நம்பிப் பிழைக்கிறவர்கள் நீயும் நானும்தான். உன்னிடம் இருப்பது மூன்று எழுபத்தைந்து என்கிற பெரிய குண்டு ரைஃபிள். என்னிடம் இருப்பது முப்பது ஆறு, அதைவிடச் சின்னது. உன் தோட்டா என் ரைஃபிளில் நுழையாது. என் தோட்டா உன் ரைஃபிளில் உருண்டு விழும். நெட்டி தீர்ப்புச் சொல்ல மாட்டாளாம். "நீங்க ரெண்டு பேரும் பேசி எதுன்னு சொல்லுங்க, அதை வரவழைக்கிறேன்" என்றுவிட்டாள். தோற்றவன் ரைஃபிளை மாற்ற வேண்டும், அல்லது ஆற்றை விட்டுப் போக வேண்டும்.

என் கட்சியைச் சொல்கிறேன். ஒரே தோட்டாவால் எல்லாவற்றையும் சுட வேண்டுமென்றால் அது முப்பது ஆறுதான். மலையாட்டுக்கு லேசான குண்டு போட்டது கிடைக்கிறது, கரிபூ, மூஸ் மாதிரிப் பெரிய மான்களுக்கு நடுத்தரம், கரடிக்குக் கனமானது. தோளில் வைத்தால் தோள் அதை வெறுக்காது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்கிறவன் கையில் பீரங்கி இருந்தாலும் புதரைத்தான் சுடுவான். உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது என்று சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

மார்ச்சுக்குள் பதில் போடு.

ஹால்வர் நெஸ்

*

மேல் ஏரி
பிப்ரவரி 4

ஹால்வர்,

நெட்டி, இதை அவனுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு. வசவு வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.

உன் பெண்டாட்டி இங்கா செத்தபோது நான் உன் வீட்டு வாசலுக்கு வரவில்லை. என் தம்பி ராய்ஸுக்கு இங்கே கல் நட்டபோது நீ வரவில்லை. பத்து வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. இப்போது எழுத வைத்தது எது என்று பார்த்தால், தோட்டா. சரி, தோட்டாவைப் பற்றியே பேசுவோம்.

நீ சொல்கிற மூன்று எடையும் எனக்குத் தெரியும். நானும் முப்பது ஆறு சுட்டவன்தான், மறந்துவிட்டாயா? அதில் எத்தனை கனமான குண்டு போட்டாலும் அது முப்பது ஆறுதான். என்னுடையதை எடுத்துக்கொள். கனமான குண்டை எறிகிறது, ஆனாலும் உன்னுடையது போகும் தூரம் போகிறது. மலைச்சரிவில் நிற்கும் ஆட்டை நான் இதனாலேயே விழ வைத்திருக்கிறேன், கறி கெடவில்லை. பெரியதால் சின்னதைக் கொன்றால் சின்னது கோபித்துக்கொள்ளாது. சின்னதால் பெரியதைக் கொல்லப் போனால் பெரியது என்ன செய்யும் என்று நீ கண்ணால் பார்த்திருக்கிறாய்.

நீ இருக்கும் இடத்தில் ஓட்டைப் படகையும் நெட்டியின் பூனையையும் விட்டால் என்ன இருக்கிறது? மூஸ் வரும், கரிபூ சில வருஷம் வரும். இங்கே ஏரியைச் சுற்றிக் கரடி. ஆர்லோ மாதத்துக்கு இரண்டு முறை பனிச்சறுக்குக் கட்டை மாட்டிய விமானத்தோடு ஏரியில் இறங்குவான். அவன் போன பிறகு நான் பேசினால் கேட்பது கெட்டில்தான். இங்கே கூப்பிட்டால் ஓடி வர ஆள் இல்லை. அப்படிப்பட்டவன் கையில் ஒரே ஒரு தோட்டா இருக்கும் என்றால் அது எதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்? ஆட்டுக்கா? கரடிக்கா?

உன் குண்டு இரண்டும் அந்தக் கரடிக்குள் போயின. நானும் பார்த்தேன். இரண்டும் சரியான இடம். ஆனாலும் அது வந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று எழுபத்தைந்தை வரவழைக்கச் சொல்.

டெல்பர்ட்

*

க்ரோ லேண்டிங்
பிப்ரவரி 25

டெல்பர்ட்,

நெட்டி வசவையெல்லாம் நன்றாக உரக்க வாசித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பூனை செத்துப் போய் இரண்டு வருஷம் ஆயிற்று என்று உனக்குச் சொல்லச் சொன்னாள்.

பதில் எழுதத் தாமதமாயிற்று, பனி அதிகம். இங்கே காலி வீடுகள் கிடக்கின்றனவே, அவற்றின் கூரைகளில் பனி ஏறிவிட்டால் உத்தரம் முறிந்துவிடும். நான் ஒவ்வொன்றாக ஏறித் தள்ளிக்கொண்டு வருகிறேன். யாரும் தள்ளச் சொல்லவில்லை. திரும்பி வரப் போகிறவர்களும் இல்லை. பள்ளிக்கூடக் கூரையை முடிக்கவே தனியாக ஒரு நாள் ஆகிறது. மேலே நின்று பார்த்தால் நெட்டியின் புகைபோக்கி ஒன்று, என்னுடையது ஒன்று. அதற்கு மேல் இல்லை.

நீ கரடிப் பேச்சை எடுத்துவிட்டாய். நான் எடுக்க வேண்டாமென்றுதான் இருந்தேன்.

நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், தப்பிருந்தால் சொல். நாம் நால்வர். நீ, உன் தம்பி ராய்ஸ், நான், படகு ஓட்ட நெட்டியின் அப்பா சைமியன். மதியம். ஏரி வாய்க்காலுக்குப் பக்கத்து மணலில் மூஸை அறுத்துக் கழியில் தொங்கவிட்டிருந்தோம். நீ வாய்க்காலுக்கு அக்கரையில் விறகுக்குப் போயிருந்தாய். சைமியன் உன்னோடு. நான் படகில் கறி அடுக்கிக்கொண்டிருந்தேன். ராய்ஸ் கழியடியில் தோலை விரித்துக்கொண்டிருந்தான். காலையில் மூஸைச் சுட்டு அவன் ரைஃபிள் காலி. கரடி ஆல்டர் புதரிலிருந்து கறி வாசத்துக்கு வந்தது. ராய்ஸ் கூடாரத்துக்கு ஓடிப் பன்றிக்கொழுப்பு டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி தோட்டா அள்ளினான். நம் வழக்கம் அதுதானே, எல்லார் தோட்டாவும் ஒரே டப்பாவில். யார் துப்பாக்கிக்கும் யார் தோட்டாவும்.

நான் சுட்டேன். விலாவில் ஒன்று, தோளில் ஒன்று. கரடி அதே வேகத்தில் வந்தது. ராய்ஸ் தோட்டாவை உள்ளே அடைக்கும் போல்ட்டைத் தள்ளுகிறான், அது மூடவில்லை. மறுபடி தள்ளுகிறான். அவன் கரடியைப் பார்க்கவேயில்லை, டெல்பர்ட். துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான், அதற்கு என்ன ஆயிற்று என்று. அந்த முகம் எனக்கு இன்னும் போகவில்லை. நீ அக்கரையிலிருந்து குறி வைத்தாய், நடுவில் ராய்ஸ் நின்றதால் சுட முடியவில்லை. கரடி அவன் மேலேயே விழுந்து செத்தது. என் குண்டுகளால்தான் செத்தது. நேரத்துக்குச் சாகவில்லை.

அவன் ரைஃபிள் முன்னூற்றெட்டு இனம். குண்டின் கனம் நம்முடையது போலவே, பார்வைக்கு ஒரே சாதி, ஆனால் தோட்டா குட்டை. டப்பாவில் இருந்தவற்றில் பாதி நம்முடைய நீளத் தோட்டா. அவன் கைக்கு அது வந்தது. மூடுமா?

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். அன்று சின்னது பெரியது என்பதல்ல பிரச்சினை. ஒரே முகாமில் இரண்டு இனம் இருந்தது பிரச்சினை. இதற்காகத்தானே சைமியன் ஒவ்வொரு வருஷமும் கிளம்புமுன் துறையில் சாம்பல் கம்பளியை விரிப்பான். எல்லாரும் பையைக் கவிழ்க்க வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தோட்டாவையும் விரலால் தடவுவான். இனம் மாறியது ஒன்று இருந்தாலும் அதுவும் அதன் துப்பாக்கியும் கரையில் நிற்கும், அதன் சொந்தக்காரன் ஊருக்கே கேலி. அந்த வருஷம் கம்பளி விரிக்கவில்லை. ஆறு வடிந்துகொண்டிருந்தது. நேரமாகிறது, வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள்.

விரித்திருந்தால் ராய்ஸ் இன்று இந்தக் கடிதத்தை உனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பான். முப்பது ஆறு என்று நெட்டியிடம் சொல்லட்டுமா?

ஹால்வர்

*

மேல் ஏரி
மார்ச் 5

ஹால்வர்,

"யாரோ சொன்னார்கள்" என்று எழுத வைத்திருக்கிறாய்.

இரண்டு நாளாக இந்த வீட்டில் அந்த யாரோதான் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். புளித்த மாவு ரொட்டி சுடுகிறேன், எதிரே அவன். விறகு பிளக்கிறேன், பின்னால் அவன்.

அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. உனக்குத் தெரியும், சைமியனுக்குத் தெரிந்திருந்தது. நீ படகுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் நின்றாய். ராய்ஸுக்கு அந்த ரைஃபிளை ஃபேர்பேங்க்ஸில் வாங்கி வந்தது யார்? முதல் தடவையாகச் சொந்தத் துப்பாக்கியோடு வேட்டைக்குக் கிளம்பி, கிறிஸ்துமஸ் பரிசு வாங்கிய குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றவனிடம் போய், இதைக் கரையில் விட்டுவிடு என்று சைமியன் சொல்வதைக் கேட்கப் பிடிக்காமல் இருந்தது யாருக்கு? டப்பாவில் கலக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது யார்? இதையெல்லாம் நீ பத்து வருஷமாக வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாய். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

முப்பது ஆறு சரி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மூன்று எழுபத்தைந்து சரி என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். ஒன்று நான் அவனைக் கொன்றேன். அல்லது உன் துப்பாக்கி அவனைக் காப்பாற்றவில்லை. நெட்டி வரவழைக்கப் போகிற பெட்டியில் இதுதான் எழுதியிருக்கும். நாம் ஏன் ஆடு, மூஸ், கரடி என்று பேசிக்கொண்டிருக்கிறோம்?

சொல். பெயரைச் சொல்லி நெட்டியின் கையால் எழுத வை. அவள் அப்பா நடத்திய வழக்கம் அது, அவளுக்குத் தெரிய வேண்டும். எழுதிய பிறகு உன் முப்பது ஆறை வரவழைத்துக்கொள். நான் இந்த வயதில் வேறு ரைஃபிளைத் தோளில் வைக்க மாட்டேன், வைக்கவும் முடியாது. ஐடஹோவில் தங்கை இருக்கிறாள். டெலிவிஷனுக்கு எதிரே எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாளாம். கோடையில் ஆர்லோ கடைசியாக வரும்போது ஏறிப் போய்விடுகிறேன்.

ராய்ஸின் கல்லுக்கு ஆள் வேண்டாம். கல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

டெல்பர்ட்

*

மேல் ஏரி
மார்ச் 19

ஹால்வர்,

ஆர்லோ வந்தான். பையில் விதைக் கம்பெனி விளம்பரமும் வரிக் காகிதமும் இருந்தன. உன் கடிதம் இல்லை. நெட்டிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாள் என்றான். அப்படியென்றால் எழுத வைக்கவில்லை.

போன கடிதத்தில் எழுதியதை நான் திரும்ப வாங்கவில்லை. ஆனால் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டுவிடாதே. மார்ச் கடைசி வந்துவிட்டது.

ராத்திரி ரேடியோவில் காட்டில் இருக்கிறவர்களுக்குச் செய்தி வாசிக்கிறார்களே, நான் தினம் கேட்கிறேன். இன்னாருக்கு இன்னார் சொல்வது, உன் நாய் குட்டி போட்டது, செவ்வாய்க்கிழமை விமானத்தில் வருகிறேன், உன் பல் செட் இங்கே இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் வாசித்து முடிக்கிற வரை பாட்டரியை அணைப்பதில்லை. இந்த ஜனவரியிலிருந்து அதைச் சில நாள் கேட்க மறந்துவிட்டேன். உனக்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. போன வாரத்திலிருந்து மறுபடி கேட்கிறேன்.

ஏதாவது எழுது. வசவானாலும் சரி.

டெல்பர்ட்

*

க்ரோ லேண்டிங்
மார்ச் 28

டெல்பர்ட்,

போன விமானத்துக்கு எழுதியிருக்கலாம். கடை வரைக்கும் வந்தேன். நெட்டி காகிதத்தை எடுத்து வைத்து, பேனா மூடியைக் கழற்றி, "சொல்லுங்க மாமா" என்றாள். டீ குடித்துவிட்டு எழுந்து போய்ப் பள்ளிக்கூடக் கூரையைத் தள்ளினேன். அதில் பனியே இல்லை.

ஆர்லோ இந்தத் தடவை என்னோடு அதிக நேரம் உட்கார்ந்திருந்தான். வறட்டு ரொட்டியும் கருவாடும் தின்றுகொண்டே சொன்னான், உன் கதவில் மேலிருந்து கீழ் வரைக்கும் நகக்கீறல் இருக்கிறதாம். கொட்டகைச் சுவரில் பச்சையாக ஒரு கரடித் தோல் ஆணியடித்துக் காய்கிறதாம். நீ நொண்டுகிறாயாம். இதில் ஒரு வார்த்தை நீ எனக்கு எழுதவில்லை. குளிர்காலம் முடியுமுன் குகையை விட்டு வந்த கரடி பசியோடு இருக்கும், கதவைத் தட்டிவிட்டு நிற்காது. உன் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி எது? இதை எழுதியிருந்தால் அன்றே நீ ஜெயித்திருப்பாய். ஏன் எழுதவில்லை என்று யோசித்தேன். நான் பயந்துவிடக்கூடாது என்றுதான் இருக்கும். அல்லது நான் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தேன் என்று ஆகிவிடக்கூடாது என்று. உன்னை எனக்குத் தெரியும்.

இப்போது கேள். ஒரே தோட்டாவால் எல்லாவற்றையும் சுட வேண்டுமென்றால் அது முப்பது ஆறு. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, சாகிற வரைக்கும் கிடையாது. ஆடு, கரிபூ, மூஸ், கரடி, சுடுகிறவன் இடம் பார்த்து வைத்தால் அது போதும். நெட்டி, இதை அடிக்கோடு போட்டு எழுது.

மூன்று எழுபத்தைந்தை வரவழைக்கச் சொல்லிவிட்டேன். முழுப் பெட்டி. ஆர்டர் இதே விமானத்தில் உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தோடு கிளம்புகிறது, இனி மாற்ற முடியாது. "யோசிச்சுட்டீங்களா மாமா? உங்க துப்பாக்கிய என்ன பண்ணப் போறீங்க?" என்று நெட்டி கேட்டாள். கூரைப் பனி தள்ளுவேன் என்றேன். என்னிடம் இருக்கும் தோட்டா இந்த இலையுதிர்காலத்துக்கு வரும். எனக்கு இப்போதெல்லாம் குழல் முனையில் குறி பார்க்கிற முத்து ஒன்றுக்கு இரண்டாகத் தெரிகிறது, எந்த முத்தை நம்புவது என்று யோசிப்பதற்குள் மூஸ் புதருக்குள் போய்விடுகிறது. போன வருஷமும் அப்படித்தான். இனி வலை போடுகிறேன். காட்டுக்கோழி சுட ஷாட்கன் இருக்கிறது. நீ மூஸ் அடித்தால் ஆர்லோவிடம் ஒரு தொடை கொடுத்தனுப்பு. வேண்டாமென்று சொல்ல மாட்டேன்.

ஐடஹோவுக்கு எழுதி அந்த நாற்காலியில் பூனையை உட்கார வைக்கச் சொல். நீ ஏரியை விட்டுப் போனால் கரடிக்கும் கல்லுக்கும் நடுவில் யார் இருப்பது?

பெயரைச் சொல் என்று கேட்டாய். நெட்டியின் கையால் எழுத வை என்றாய். சரி. எழுதுகிறாள்.

அன்று காலை துறையில் சைமியன் கம்பளியைக் கையிலெடுத்து உதறினான். ராய்ஸ் புதுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் நின்றான். ஆறு வடிந்துகொண்டிருந்தது, படகு அடிதட்டிவிடும் என்று பயம். அப்போது, "நேரமாச்சு சைமியன், கம்பளிய மடிச்சு வை, இந்த ஒரு வருஷம் வேண்டாம்" என்று சொன்னவன் நான். ஹால்வர் நெஸ். கயிறு என் கையில் இருந்தது. கிளம்புகிற அவசரமும் எனக்குத்தான்.

நெட்டி பேனாவை நிறுத்திவிட்டாள். "மாமா, அப்பா எங்கிட்ட சொன்னது வேற" என்கிறாள். உன் அப்பாவுக்குக் காது மந்தம் என்றேன். "அவருக்குக் காது கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறாள். நான் சொல்வதை எழுது, உன் அப்பா சொன்னதை நீ செத்த பிறகு அவரோடு பேசித் தீர்த்துக்கொள் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

நீ அப்போது படகின் அந்தப் பக்கம் சாமான் கட்டிக்கொண்டிருந்தாய், டெல்பர்ட். உனக்குச் சரியாகக் காதில் விழுந்திருக்காது. பத்து வருஷம் தனியாக இருந்தால் மனுஷனுக்கு யார் என்ன சொன்னார்கள் என்பது குழம்பிப் போகும். என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று இந்த ஆற்றில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடக் கூரை வந்த வருஷம் கேட்டாலும் சொல்வேன், நாய்களைச் சுட்ட வருஷம் கேட்டாலும் சொல்வேன். ஆகவே இதுவும் நான் சொன்னபடிதான். அந்த யாரோவை உன் வீட்டை விட்டு அனுப்பு. அவன் என்னுடைய ஆள், இங்கே அனுப்பி வை. இங்கே காலி வீடு நிறைய இருக்கிறது.

காகிதத்தில் ஏறிவிட்டது. கீழே கையெழுத்துக்குப் பதில் நான் கீறல் போடுகிறேன், நெட்டி சாட்சி. நான் இதை மாற்றிச் சொல்லப் போவதில்லை. துறையில் அன்று நின்றவர்களில் ராய்ஸ் மேல் ஏரியில் கல்லுக்கடியில் கிடக்கிறான். சைமியன் இங்கே சர்ச்சுக்குப் பின்னால். அப்படி நடக்கவில்லை, சொன்னது வேறு ஆள் என்று மறுத்துப் பேச இன்னும் உயிரோடு இருப்பது ஒருவன்தான்: மேல் ஏரி டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ்.